எந்தப் பக்கத்திலிருந்து

அக்டோபர் 9

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பிரிப்பதா, அடுப்பில் போடுவதா என்று நீ யோசிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அடுப்பில்தான் என்றால், ஒரு பக்கம் படித்துவிட்டுப் போடு. ஒரு பக்கம்தான் எழுதப் போகிறேன்.

ஜாமீனில் வந்ததிலிருந்து இந்த ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பழப்பெட்டிகளை அடுக்கும் வேலை. எங்கெங்கோ விளைந்த திராட்சை இங்கே வந்து விறைத்துக் கிடக்கிறது. முதல் நாளே மேஸ்திரி ஒரு கொத்தை எடுத்து நீட்டினார். எனக்குத் திராட்சை ஒத்துக்கொள்ளாது என்றேன். "திராட்சை ஒத்துக்காதவனுக்கு வேற கிடங்கே கிடைக்கலையா" என்று சிரித்தார். இப்போது இங்கே எனக்கு 'ஒத்துக்காதவன்' என்றே பெயர்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி வழக்கு வருகிறது. நம் திராட்சைத் தோட்டத்தில் பழுத்து நிற்கும் வரிசைக்கு மருந்து அடித்துவிட்டு வீட்டாரிடம் சொல்லாமல் இருந்தேன், அதைப் பிழிந்து குடித்துப் பதினோரு பேர் விழுந்தார்கள், அத்தான் செத்துப்போனார் என்பது என்மேல் உள்ள குற்றம். மருந்து அடித்தது நான்தான். மாவுப்பூச்சி ஏறியிருந்தது. அந்த ஒரு வரிசையை மட்டும் இருபது நாள் விட்டுக் கடைசியில் அறுத்துக்கொள்ளலாம் என்று அடித்தேன். ஆனால் சொல்லாமல் இல்லை. உனக்கும் எனக்கும் பேச்சு இல்லாததால், எந்த வரிசையைத் தொடக்கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி அத்தான் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

இதை விசாரணை அதிகாரியிடம் சொன்னேன். முதலில் சீட்டைக் கொண்டுவா, அதில் என்ன இருந்தது என்பதை அப்புறம் பேசலாம் என்றுவிட்டார். நீயோ, அவன் எதுவுமே சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாய். கோபத்தில் எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சீட்டு உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

உன் மகள் எப்படி இருக்கிறாள்? அந்த வாலுவுக்குச் சாப்பாடு இப்போதாவது வயிற்றில் தங்குகிறதா?

தம்பி


அக்டோபர் 27

உனக்கு என்ன போட்டு எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் ஒன்றும் போடாமல் ஆரம்பிக்கிறேன்.

வாலு பிழைத்துவிட்டாள். ஒன்பது நாள் ஊசியும் குழாயுமாகக் கிடந்தவள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பதிமூன்று வயசுப் பிள்ளை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அப்பாவா என்று தலையைத் தூக்குகிறாள். பிறகு ஞாபகம் வந்து குனிந்துகொள்கிறாள். கேட்டாய் அல்லவா, அதனால் சொன்னேன்.

நம் அப்பா போன ஈரம் காய்வதற்குள் பாகம் கேட்டவன் நீ. இருபத்துநாலு வரிசைக்கும் நடுவில் கோடு போட்டு, வீட்டுப் பக்கம் உனக்கு, கிணற்றுப் பக்கம் எனக்கு என்றாய். தண்ணீரை நீ வைத்துக்கொண்டால் நான் எதை ஊற்றி வளர்ப்பது என்று கேட்டதற்கு, மோட்டார் அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் என் கையால் ஒரு வாய் சாப்பிடாமல் இருந்தாய். அறுவடைக் கடைசி நாள் சாப்பாட்டுக்காவது வரட்டும் என்று உன் அத்தான்தான் உனக்கும் சேர்த்துத் தட்டு வைக்கச் சொன்னார்.

அந்தச் சாப்பாடு உனக்குத் தெரியாததா? அறுத்தவர்களும் வீட்டுக்காரர்களும் பந்தலுக்குக் கீழே ஒரே வரிசையாக உட்காருவோம். ஒரே அண்டா. சாப்பாடு முடிந்ததும் மிச்சம் நிற்கும் பழத்தைப் பிழிந்து ஆளுக்கு ஒரு தம்ளர். அண்டாவின் அடியில் தங்குகிற மண்டியையும் தோலையும் வழித்துக் குடிப்பது அவர் பழக்கம், அதில்தான் ருசி என்பார். எல்லாரும் ஒரு தம்ளரோடு எழுந்தார்கள். அவர் அடிவரைக்கும் குடித்தார். உன் தட்டு மட்டும் கவிழ்த்தபடியே இருந்தது. வந்தவர்கள் விழுந்தோம், வராதவன் பிழைத்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, நீயே யோசித்துப் பார்.

சீட்டு என்கிறாய். ஏழு என்று ஒரு காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? விஷத்தைத் தெளித்தவன் நேரில் வந்து நின்று சொல்ல வேண்டாமா? எப்படியானாலும், நீ சொல்கிற சீட்டை நான் பார்க்கவில்லை. என்னிடம் இல்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுதாதே.

கவாத்துக்கு ஆள் வரவில்லை. நானே கத்தரியை எடுத்துக்கொண்டு வெட்டுகிறேன். கை கொப்புளித்துவிட்டது.


நவம்பர் 6

அக்கா,

உன் கடிதத்தைக் கிடங்குப் படிக்கட்டில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். மேஸ்திரி வந்து, யாராவது செத்துட்டாங்களா என்று கேட்டார். ஆமாம், மார்ச்சில் என்றேன்.

ஏழு என்று எழுதியிருக்கிறாய். என் கடிதத்தில் எண் இல்லை. அதிகாரியிடமும் நான் எண்ணைச் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. அது எழுதிய எனக்குத் தெரியும், வாங்கிய அத்தானுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒருவருக்குத் தெரியும் என்றால் அவர் அந்தச் சீட்டைப் படித்திருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு எப்போதுமே வராது, அக்கா. சின்ன வயசில் சர்க்கரை திருடினால் உன் வாயோரத்தில் ஒட்டியிருக்கும், அடி எனக்கு விழும்.

கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. அன்றைக்குப் பகல் முழுக்க வந்த பெட்டியை எல்லாம் தப்புத் தப்பாக அடுக்கினேன். ஆனால் படுத்த பிறகு வேறொன்று மண்டையில் ஏறிக்கொண்டது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அப்பா வரிசைகளை வீட்டுப் பக்கத்திலிருந்துதான் எண்ணுவார். பாகப் பேச்சுக்குப் பிறகு நான் கிணற்றுப் பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்தேன், வீம்புக்கு. என்னுடைய ஏழு உனக்குப் பதினெட்டு. எந்தப் பக்கத்திலிருந்து என்று சீட்டில் எழுத எனக்குத் தோன்றவில்லை. அப்போது என் கண்ணுக்கு ஒரு பக்கம்தான் தெரிந்தது. நீ எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாய்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மருந்து அடித்தால் அந்த வரிசையின் முதல் கல்தூணில் சிவப்புத் துணி கட்டுவோம். சீட்டு எல்லாம் நம் வீட்டில் எப்போது இருந்தது? அந்தத் துணி மூட்டை உன் சமையலறை அலமாரியில் இருந்தது. ஒரு முழத் துணிக்காக உன் வாசல் ஏறுவதா என்று இருந்துவிட்டேன். அந்தத் துணி கட்டியிருந்தால் எழுத்தே தேவையில்லை. இதை வக்கீலிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


டிசம்பர் 2

தம்பிக்கு,

இருபது நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

சீட்டு என்னிடம் இருக்கிறது. தேயிலை டப்பாவின் அடியில்.

அன்று காலை நான் அடுப்படியில் இருந்தேன். எல்லா வரிசையும் அறுத்தாகிவிட்டது, இரண்டுதான் மிச்சம். வீட்டிலிருந்து ஏழாவதை நான் அறுக்கவிடவில்லை, உன் சீட்டுக்குப் பயந்து. பதினெட்டாவதை உன் பக்கத்து ஆட்கள் அறுக்காமல் விட்டிருந்தார்கள். ஏன் விட்டார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். சாற்றுக்குப் பழம் கொண்டுவரச் சொன்னதும், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். "ஏழுன்னா எந்தப் பக்கத்துல இருந்து? அவன் இப்பல்லாம் கிணத்துப் பக்கத்துல இருந்துல்ல எண்ணுறான்" என்றார்.

எனக்கும் தெரியும், தம்பி. நீ ஆட்களுக்கு உன் எண்ணைக் கத்திக் கத்திச் சொல்வது என் காதில் விழாமலா இருந்தது? தெரிந்தும் சொன்னேன். "வீட்டுல இருந்துதான் எண்ணணும். வேற பக்கம் ஏது?" என்றேன்.

அப்போதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு எட்டு போய் உன்னிடம் கேட்டுவிட்டு வரட்டுமா என்றார். உன்னிடம் போய் நின்றால் இங்கே சாப்பிட உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அக்காவும் தம்பியும் எண்ணி முடிக்கட்டும், நான் பழத்தை அறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கத்தரியை எடுத்துக்கொண்டு போனார். கூடை நிறையக் கொண்டுவந்தார். நான் ஒரு அலசு அலசினேன். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் வாலு மூக்கில் குழாயோடு கிடந்தாள். அதிகாரி வந்து, உங்க தம்பி ஏதாவது எச்சரிக்கை பண்ணினாரா என்று கேட்டார். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏம்மா அந்தப் பழத்தை எடுத்தீங்க என்பதுதானே? அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்க என்னால் முடியவில்லை. இல்லை என்றேன். ஒரே ஒரு சொல். அதன் மேல் வீட்டையே கட்டிவிட்டார்கள்.

பதினொன்றாம் தேதி சீட்டோடு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன். அதுவரை நீ எதையும் ஒப்புக்கொள்ளாதே.

வீட்டிலிருந்து ஏழாவது வரிசைப் பழம் அறுப்பாரில்லாமல் கொடியிலேயே வற்றிவிட்டது. நல்ல பழம். போன வாரம் கவாத்தில்தான் வெட்டி எறிந்தேன்.

அக்கா


டிசம்பர் 3

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வராததையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

நேற்று முன்தினம் வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும், வழக்கும் இழுக்காது, இல்லையென்றால் உன் அக்காவையும் கூண்டில் ஏற்றி அவள் மகளையும் கேட்பார்கள் என்றார். வாலு அங்கே நின்று, அன்றைக்குக் காலையில் வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அவள் அடுப்படிப் பக்கத்தில்தான் எப்போதும் உட்கார்ந்து படிப்பாள். நீ அன்று என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைத் தெரியும்.

ஒப்புக்கொண்டுவிட்டேன். சீட்டு எதுவும் கொடுக்கவில்லை, பயத்தில் அப்படிச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பதினொன்றாம் தேதி எத்தனை வருஷம் என்று மட்டும் சொல்வார்கள்.

வாலுவுக்கு அப்பா இல்லை. அம்மாவும் இல்லாமல் போக வேண்டாம். மாமா கெட்டவன் என்றால் ஒரு பிள்ளை தாங்கிக்கொள்ளும், அது பெரிய விஷயம் இல்லை. சீட்டு இருந்தால் இப்போதே அடுப்பில் போடு. இல்லையென்றால் இந்தக் கடிதத்தையாவது போடு.

மேஸ்திரியிடம் விடைபெற்றேன். எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் வேலை உண்டு என்றார், காரணம் கேட்காமல்.

தம்பி


ஜனவரி 15

தம்பிக்கு,

என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. ஒரு நாள் முந்தி எழுதியிருந்தால் என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை. ஆனாலும் தினமும் ஆரம்பிக்கிறேன்.

அன்று கோர்ட்டில் நான் எழுந்து நின்றதும் நீ அங்கிருந்து தலையை ஆட்டினாய், வேண்டாம் என்று. பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சீட்டை நீட்டினேன். அப்புறம் நடந்ததை நீயும் கேட்டாய். அந்தச் சீட்டு தேயிலை டப்பாவில் கிடந்து பழுப்பேறிக் கறை பிடித்திருந்தது அல்லவா? பழசாகக் காட்ட வேண்டும் என்று தேயிலைத் தண்ணீரில் நனைத்ததாம். குற்றம் செய்தவனே சீட்டு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம், அக்காக்காரி எங்கிருந்தோ கொண்டுவருகிறாளாம். அரசு வக்கீல் மரியாதையாகத்தான் சொன்னார். "தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சொல்வாங்கம்மா. தம்பிக்காகப் பொய் சொல்றது எங்களுக்கும் புரியுது. போய் உக்காருங்க."

பொய் சொன்னபோது எல்லாரும் நம்பினார்கள். நிஜத்தைக் கொண்டுபோனபோது என்னை நல்ல அக்கா என்றார்கள். இதைவிட ஒரு செருப்படி உண்டா? உனக்கு மூன்று வருஷம். எனக்கு ஒரு நாள்கூட இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் வாலுவை உட்காரவைத்துச் சொன்னேன். நீ கோபப்படாதே, நீ அவளுக்காகச் செய்ததை நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். கோர்ட்டில் நம்பவில்லை, ஒரு ஆளாவது நம்ப வேண்டும் என்று இருந்தது. அவள் முழுக்கக் கேட்டாள். அழவில்லை. "எனக்குத் தெரியும்மா. நான் அங்கதான உக்காந்திருந்தேன்" என்றாள். "நீ சொல்றியா பாக்கலாம்னு இருந்தேன்."

ஒன்பது மாதம், தம்பி. ஒன்பது மாதம் என் எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

சொன்ன நாளிலிருந்து என் கையால் சாப்பிடுவதில்லை. அவளே ஏதோ வேகவைத்துக்கொள்கிறாள், தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போகிறாள். கேட்டால், பசி இல்லம்மா என்று மரியாதையாகச் சொல்கிறாள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

அக்கா


மார்ச் 20

தம்பிக்கு,

அறுவடை முடிந்தது. பழம் நன்றாக வந்திருக்கிறது. வெட்கமில்லாமல் வந்திருக்கிறது.

இந்த வருஷம் ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. பூச்சி தின்றது போக மிச்சம் போதும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு கல்தூணிலும் இரண்டு எண் எழுதியிருக்கிறேன். வெள்ளையில் வீட்டுப் பக்கத்து எண், நீலத்தில் கிணற்றுப் பக்கத்து எண். ஆட்கள் குழம்புகிறார்கள். குழம்பினால் கேட்கட்டும்.

கடைசி நாள் அண்டாவை ஏற்றினேன். வேண்டாம் என்று எல்லாரும் ஜாடையாகச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. வழக்கமாகப் போடுவது போல எல்லாருக்கும் ஒரே வரிசையாகத் தட்டு வைத்தேன். அறுத்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், மரியாதைக்கு. உட்கார்ந்து அவரவர் பைக்குள்ளிருந்து அவரவர் டப்பாவை எடுத்துத் திறந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நானே ஒரு தட்டில் போட்டுக்கொண்டு கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மிச்சத்தை மறுநாள் குழிவெட்டிக் கொட்டினேன்.

இருபத்தெட்டாம் தேதி வாலு உன்னைப் பார்க்க வருகிறாள். நான் அனுப்பவில்லை, அவளாகத்தான் கேட்டாள். ஒரு கொத்து அவளே அறுத்து எடுத்து வைத்திருக்கிறாள். அவள் என்ன கேட்டாலும் எனக்காக ஒன்றும் சொல்லாதே.

அக்கா


மார்ச் 29

அக்கா,

வாலு நேற்று வந்தாள். உயரமாகிவிட்டாள். அத்தானின் கை அப்படியே இருக்கிறது, விரல் நுனி சப்பையாக.

பழத்தை வாசலிலேயே ஒரு காவலர் உதிர்த்து உதிர்த்துப் பார்த்துவிட்டு, காம்போடு கொஞ்சமும் உதிரியாகக் கொஞ்சமும் ஒரு தாளில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் அதைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பள்ளிக்கூடக் கதை பேசினோம். பிறகு கேட்டாள், "அன்னைக்கு அப்பா உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா உயிரோட இருந்திருப்பாரா மாமா?"

எனக்காக ஒன்றும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். உனக்காகச் சொல்லவில்லை. இருந்திருப்பார் என்றேன். நான் ஒரு முழத் துணி கட்டியிருந்தாலும் இருந்திருப்பார், அந்தத் துணியைக் கேட்க உன் வீட்டு வாசலுக்கு வர எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை என்றேன். அதுவரைக்கும் அவளுக்கு அது தெரியாது. என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். உன்னையும் இப்படித்தான் ஒன்பது மாதம் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்த வரிசைப் பழம் என்று கேட்டேன். "பதினெட்டு. வீட்டுல இருந்து எண்ணினா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கிணத்துல இருந்து எண்ணினா ஏழு" என்றாள்.

ஒரு வருஷமாக நான் திராட்சையை வாயில் வைக்கவில்லை. ஒரு பழம் எடுத்துப் போட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது, அக்கா. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நீயும் எடு என்று தாளை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எடுக்கவில்லை, மறுபடி என் பக்கமே நகர்த்தினாள். நான் தின்னத் தின்னப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்று பாதியில்தான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு ஒன்றுகூட விடாமல், தோலும் விதையுமாக எல்லாவற்றையும் தின்றேன்.

நேரம் முடிந்து மணி அடித்ததும் எழுந்தாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு வரைக்கும் பாக்குறேன் மாமா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னா நானும் சாப்பிடுறேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இன்று காலை கண் விழித்ததும் காகிதம் கேட்டு வாங்கி இதைத்தான் முதலில் எழுதுகிறேன். இது வந்து சேர நாலு நாள் ஆகும். அப்போது பதினெட்டில் ஒரு கொத்தாவது கொடியில் மிஞ்சியிருந்தால் அவளுக்கென்று விட்டு வை. நான் எழுந்துவிட்டேன் என்று அவளிடம் சொல். சாப்பிடச் சொல்.

தம்பி